சாவி யார் கையில்? அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபையும் தலைமையின் பிறப்பும்



சமயமும் சமூக முன்னேற்றமும் என்ற பொருளில் பேச அழைத்தீர்கள். கடல்போன்ற தலைப்பு. அதில் ஒரே ஒரு மக்களின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையை அமெரிக்காவில் தொடங்காமல், நமக்குப் பக்கத்தில் உள்ள கொழும்பில் தொடங்குகிறேன்.

1935ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் நல்லெண்ணக் குழு ஒன்று இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளுக்குப் பயணம் வந்தது. குழுவின் தலைவர் ஹோவர்டு தர்மன் என்ற போதகர். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும் ஒரு வழக்கறிஞர் அவரைக் காப்பி குடிக்க அழைத்துப்போனார். அங்கே அவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: உங்கள் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச்சென்று விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். அடிமைக் கப்பல் ஓட்டிய ஒருவரே பின்னாளில் புகழ்பெற்ற ஞானப்பாட்டுகளை எழுதினார். விடுதலைக்குப் பிறகும் உங்களை உயிரோடு எரித்தவர்களும் மரத்தில் தூக்கிலிட்டவர்களும் ஞாயிறுதோறும் ஆலயம் போகிறவர்கள். அந்த மதத்தின் பிரதிநிதியாக இங்கே வந்து நிற்கிறீர்களே, இது உங்கள் மக்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

தர்மன் இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். 1949இல் அவர் எழுதிய 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்' என்று பொருள்படும் நூலின் தொடக்கத்திலேயே இந்த நிகழ்ச்சி வருகிறது. அவர் இறையியலாளர், இயேசுவின் வாழ்விலிருந்து விடை தேடினார். நான் வரலாறு படிப்பவன். எனக்கு விடை வேறோர் இடத்தில், மிக எளிய ஒரு கேள்வியில் தெரிகிறது. அந்த ஆலயத்தின் சாவி யாருடைய கையில் இருந்தது? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தே போகும்.

1. பாட்டி வாசிக்க விடாத பக்கங்கள்

தர்மன் புளோரிடா மாநிலத்தின் டேட்டோனாவில் வளர்ந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்த அவரை வளர்த்ததில் பெரும்பங்கு தாய்வழிப் பாட்டி நான்சி ஆம்புரோசுக்கு உண்டு. பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுத்து தெரியாது. பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவான். சங்கீதங்களில் சில, ஏசாயாவில் சில, சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்ப. ஆனால் பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது ஒருமுறை, அன்பைப் பற்றிய முதலாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

வளர்ந்த பிறகு பேரன் துணிந்து காரணம் கேட்டார். பாட்டி சொன்னார்: பண்ணை முதலாளியின் போதகர் எங்களுக்குப் பிரசங்கிக்க வருவார். ஒவ்வொரு முறையும் எடுப்பது பவுலின் வசனம்தான். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம். எனக்கு விடுதலை கிடைத்து, வாசிக்கவும் கற்றுக்கொண்டால், அந்தப் பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்று அன்றே உறுதி எடுத்தேன்.

எழுத்தறியாத ஒரு மூதாட்டி செய்த நூலாய்வு இது. தன் கையில் திணிக்கப்பட்ட வேதத்தில் எது எஜமானுடையது, எது தன்னுடையது என்று அவர் பிரித்தறிந்தார். இந்தப் பிரித்தறிதலே ஒரு மக்களின் சமயமாக வளர்ந்தது.

எஜமானர்களுக்கும் வேதத்தின் ஆற்றல் தெரிந்தே இருந்தது. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே வேதாகமத்தின் ஒரு சுருக்கப் பதிப்பை அச்சிட்டார்கள். இஸ்ரவேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் கதை அதில் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அந்தக் கதைதான் வாய்வழியாகப் பரவியது. மோசேயும் செங்கடலும் அவர்களுக்குப் பழைய வரலாறாகத் தெரியவில்லை. நாளை நடக்கப்போவதாகத் தெரிந்தது.

இரவில், காவல்காரர் கண்ணில் படாமல், காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்குகளிலும் கூடினார்கள். குரல் வெளியே போகாதிருக்க இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்ததாகவும், நனைத்த கம்பளிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டதாகவும், 1930களில் பதிவுசெய்யப்பட்ட முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்கள் சொல்கின்றன. அந்தக் கூட்டங்களில் பேசியவரும் ஓர் அடிமையே. அப்படிப்பட்ட ஒரு போதகரைப் பற்றி நான்சி ஆம்புரோஸ் பேரனிடம் அடிக்கடி சொல்வாராம். பிரசங்கத்தின் முடிவில் அவர் சற்று நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நீங்கள் அடிமைகள் இல்லை, கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லி முடிப்பாராம்.

சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொத்து. மாட்டோடும் கலப்பையோடும் பட்டியலில் எழுதப்பட்டவர்கள். அந்தச் சட்டத்துக்கு எதிராக ஒரு மனிதன் எழுந்து நின்று இன்னொரு தீர்ப்பை வாசித்தான். கறுப்பினத் தலைமை அங்கே பிறந்தது. அதற்குக் கட்டடம் இல்லை, பூட்டு இல்லை, சாவி இல்லை.

2. கொல்லுப்பட்டறை ஆலயமான கதை

முதல் சாவிகளில் ஒன்று பிலடெல்பியாவில் கிடைத்தது. அதைப் பெற்றவர் ரிச்சர்டு ஆலன். 1760இல் அடிமையாகப் பிறந்து, விறகு வெட்டியும் வண்டி ஓட்டியும் காசு சேர்த்துத் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கியவர். பிலடெல்பியாவில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் அவர் பிரசங்கிக்கத் தொடங்கியதும் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கூட்டம் பெருகவே, ஆலயத்தில் மாடம் கட்டினார்கள், புதிய தளம் போட்டார்கள். அந்தச் செலவுக்குக் கறுப்பின மக்களும் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, ஆலனின் நண்பர் அப்சலோம் ஜோன்ஸ் முழங்காலில் இருந்தார். இந்த இடம் உங்களுக்கு இல்லை என்று ஆலயப் பொறுப்பாளர் ஒருவர் அவரைப் பிடித்துத் தூக்கினார். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கேட்டும் விடவில்லை. ஜெபம் முடிந்தது. கறுப்பினத்தவர் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியே போனார்கள். தளம் போடக் காசு கொடுத்தவர்கள் அந்தத் தளத்தில் முழங்காலிட முடியவில்லை. கொடுப்பது வேறு, உடைமை வேறு என்ற பாடத்தை அன்று கற்றார்கள்.

ஆலன் ஒரு நிலத்தை வாங்கியிருந்தார். ஒரு பழைய கொல்லுப்பட்டறையைத் தன் குதிரைகளைக் கொண்டு அந்த நிலத்துக்கு இழுத்துவந்து ஆலயமாக்கினார். 1794இல் பெத்தேல் ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று. கதை அதோடு முடியவில்லை. கட்டடம் கறுப்பினத்தவருடையது, பத்திரமோ வெள்ளையர் தலைமையில் இருந்த மெதடிஸ்ட் அமைப்பின் பிடியில் சிக்கியிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபறி. ஒரு கட்டத்தில் ஆலயமே ஏலத்துக்கு வந்தது. ஆலன் பத்தாயிரம் டாலருக்குமேல் கேட்டு, தான் கட்டிய ஆலயத்தைத் தானே மீட்க வேண்டியதாயிற்று. 1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் பக்கம் நின்றது. அதே ஆண்டு பல ஊர்ச் சபைகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை உருவாக்கின. ஆலன் அதன் முதல் பேராயர் ஆனார்.

இதை வெறும் ஆலயத் தகராறாகப் படித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. 1787இலேயே ஆலனும் ஜோன்சும் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்த வேண்டும். நோயாளிக்கும் விதவைக்கும் அனாதைப் பிள்ளைக்கும் அதிலிருந்து உதவி. 1793இல் மஞ்சள் காய்ச்சல் பிலடெல்பியாவைத் தாக்கியபோது, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் பிணங்களைப் புதைக்கவும் ஆள் திரட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள் இருவரும். காய்ச்சல் அடங்கியதும், கறுப்பினத்தவர் நோயாளிகளிடம் கொள்ளையடித்தார்கள் என்று ஒரு பதிப்பாளர் எழுதினார். ஆலனும் ஜோன்சும் வரவு செலவுக் கணக்கோடு மறுப்பு எழுதி 1794இல் அச்சிட்டார்கள்.

சந்தா வசூல், கணக்கு, பத்திரம், நீதிமன்றம், அச்சகம். ஒரு குடிமகன் கற்க வேண்டிய எல்லாவற்றையும் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கள் ஆலயத்துக்குள் கற்றார்கள். 1830இல் சுதந்திரக் கறுப்பினத்தவரின் முதல் தேசிய மாநாடு கூடியபோது, அது கூடிய இடம் பெத்தேல்.

தென்மாநில எஜமானர்கள் இதைக் கவனித்தார்கள். சார்ல்ஸ்டனில் இதே திருச்சபையைச் சேர்ந்த டென்மார்க் வெசி என்ற தச்சர் 1822இல் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்டார். அவர் போய்வந்த ஆலயத்தையும் இடித்தார்கள். 1831இல் நாட் டர்னர் என்ற அடிமைப் போதகர் வர்ஜீனியாவில் கலகம் செய்த பிறகு, அந்த மாநிலம் கறுப்பினத்தவர் பிரசங்கிப்பதையே தடை செய்தது. சாவி யாரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அடக்கியவர்களும் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

3. சவான்னாவில் இருபது பேர்

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரி 12 அன்று, ஜார்ஜியாவின் சவான்னா நகரில் ஒரு சந்திப்பு நடந்தது. ஒரு பக்கம் வடக்கின் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும். மறுபக்கம் இருபது கறுப்பின மனிதர்கள். அனைவரும் போதகர்கள் அல்லது சபைப் பொறுப்பாளர்கள். விடுதலை பெற்ற மக்களுக்கு என்ன வேண்டும் என்று அரசு கேட்க விரும்பியது. யாரைக் கேட்பது? அந்த மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த தலைவர்கள் அந்நாளில் ஆலயத்தில்தான் இருந்தார்கள்.

இருபது பேரின் சார்பில் பேசியவர் கேரிசன் பிரேசியர், 67 வயது பாப்டிஸ்ட் போதகர். எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டவர். எங்களைக் காத்துக்கொள்ள நிலம் வேண்டும்; அதை எங்கள் உழைப்பால் உழுது, பின்னர் விலைகொடுத்து எங்கள் சொந்தமாக்கிக்கொள்வோம் என்பது அவர் சொன்னதன் பொருள். நான்கே நாளில் ஷெர்மன் ஆணை பிறப்பித்தார்: கடலோர நிலங்களில் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். நிலத்தின் சாவி பறிபோயிற்று. ஆலயத்தின் சாவி மிஞ்சியது.

போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினப் போதகர்கள் சட்டமன்ற இடங்களுக்குத் தேர்வானார்கள். 1870இல் மிசிசிப்பியிலிருந்து அமெரிக்க செனட்டுக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவெல்ஸ், ஆலன் தொடங்கிய திருச்சபையின் போதகர். பின்னர் வாக்குரிமை பறிக்கப்பட்டது. சட்டமன்றக் கதவுகள் மூடின. அப்போதும் சபைகளில் தேர்தல் நடந்தது. ஊரில் ஓட்டுப் போட முடியாத தோட்டக்கூலி, ஆலயத்தில் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கக் கை உயர்த்தினார். வெள்ளையர் வீட்டில் பெயர் சொல்லி அதட்டப்பட்ட சமையற்காரம்மா, ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளராக மரியாதையோடு அழைக்கப்பட்டார். ஓர் அரசு தன் மக்களுக்குத் தர மறுத்த குடிமைப் பயிற்சியை ஒரு திருச்சபை அறுபது, எழுபது ஆண்டுகள் அணையாமல் காத்தது.

4. தரைக்குக் கீழே தொடங்கிய கல்லூரிகள்

மார்ட்டின் லூதர் கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரி 1867இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில், ஸ்பிரிங்பீல்டு பாப்டிஸ்ட் ஆலயத்தின் கீழறையில் தொடங்கியது. கறுப்பினப் பெண்களின் பெருங்கல்லூரியான ஸ்பெல்மன் 1881இல் அட்லாண்டாவில், பிரெண்டுஷிப் பாப்டிஸ்ட் ஆலயத்தின் கீழறையில் தொடங்கியது. முதல் நாள் வந்தவர்கள் பதினொரு பேர். வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தை ஆலனின் திருச்சபை 1863இல் விலைக்கு வாங்கியது. திருச்சபையின் பேராயர் டேனியல் பெயின் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார்.

வடக்கிலிருந்து வந்த வெள்ளைய மிஷனரிகளும் கொடையாளர்களும் இந்தக் கல்வியில் பெரும்பங்கு ஆற்றினார்கள். ஸ்பெல்மனைத் தொடங்கிய ஆசிரியைகள் இருவரும் அப்படி வந்தவர்களே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வந்து இறங்கியபோது பாடம் நடத்த ஓர் அறை தயாராக இருந்தது. அந்த அறையைக் கட்டியவர்கள், நேற்றுவரை வாசிப்பதே குற்றம் என்ற சட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்கள்.

5. 381 நாட்கள்

1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்தர மறுத்துக் கைதானார். அவரும் ஆலனின் திருச்சபையைச் சேர்ந்தவர். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, மாதர் அரசியல் மன்றத்தின் சார்பில், பேருந்துகளைப் புறக்கணிக்கக் கேட்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சுருளச்சு இயந்திரத்தில் ஓட்டினார். டிசம்பர் 5 அன்று பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். போராட்டத்தின் தலைவராகத் தேர்வானவர், ஊருக்கு வந்து ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாகியிருந்த 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்.

ஏன் ஒரு போதகர்? பேச்சாற்றல் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அவருடைய சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து வந்தது. ஆசிரியரை அரசு வேலையிலிருந்து நீக்கலாம். வீட்டு வேலைக்காரரை எஜமானி நிறுத்தலாம். குத்தகை விவசாயியை நிலத்தைவிட்டே துரத்தலாம். போதகரை நீக்க அவருடைய சபையால் மட்டுமே முடியும். வாரம் ஒருமுறை தட்டில் விழுந்த சில்லறைதான் அவருடைய நாவுக்கு விடுதலை வாங்கித் தந்தது. அந்தச் சில்லறையைப் போட்டவர்கள் பெரும்பாலும் துணி வெளுத்தும் சமைத்தும் சம்பாதித்த பெண்கள்.

புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். கார்கள் சேர்த்தார்கள், ஏறும் இடம் இறங்கும் இடம் வகுத்தார்கள், சபைகளின் பெயரில் வண்டிகள் வாங்கினார்கள். பக்கவாட்டில் ஆலயப் பெயர் எழுதிய அந்த வண்டிகளை மக்கள் ஓடும் ஆலயங்கள் என்றே அழைத்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் கேக்கும் பணியாரங்களும் விற்றுப் பெட்ரோலுக்குப் பணம் திரட்டினார். யார் கொடுத்தது என்று கேட்டால் பெயர் வெளியே வரக் கூடாது, வந்தால் வேலை போகும். ஆகவே தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத மன்றம்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். வாரக் கூட்டத்தில் அவர் பணத்தை ஒப்படைக்கும்போது ஆலயமே ஆரவாரம் செய்யும்.

வாரந்தோறும் ஒரு கட்டடத்தில் கூடி, பாடி, ஜெபித்து, கணக்குக் கேட்டு, காணிக்கை போட்டுப் பழகிய மக்களுக்கு ஓராண்டுப் போராட்டம் முற்றிலும் புதிய வேலையாக இருக்கவில்லை. பாட்டு இருந்தது, கூடம் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, யார் எந்தத் தெருவில் நோயுற்றிருக்கிறார் என்ற பட்டியல்கூட இருந்தது. இயக்கம் அந்த ஏற்பாட்டின்மேல் ஏறி நின்றது.

எதிரிகளும் கட்டடத்தையே குறிவைத்தார்கள். 1957 ஜனவரியில் மாண்ட்கமரியில் ஒரே இரவில் நான்கு ஆலயங்களில் குண்டு வெடித்தது. 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்காமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

6. பத்து டாலர், முப்பத்தாறு மாதம்

பேருந்தில் உட்கார உரிமை கிடைத்தால் போதுமா? வேலை வேண்டாமா? பிலடெல்பியாவின் சீயோன் பாப்டிஸ்ட் ஆலயப் போதகர் லியோன் சல்லிவன் இதைக் கேட்டார். 1960இல் அந்நகரின் நானூறு கறுப்பினப் போதகர்கள் அவரோடு சேர்ந்தார்கள். கறுப்பினத்தவர் விலைகொடுத்து வாங்கும் பொருளை விற்கும் நிறுவனம், அவர்களுக்கு நல்ல வேலையும் தர வேண்டும். தராவிட்டால் அந்தப் பொருளை வாங்காதீர்கள் என்று நானூறு பிரசங்க மேடைகளிலிருந்து ஒரே ஞாயிறு அறிவிப்பு வரும். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இறங்கிவந்தன.

கதவு திறந்ததும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. வேலை இருக்கிறது, அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. 1964இல் கைவிடப்பட்ட ஒரு பழைய காவல் நிலையத்தில் தொழிற்பயிற்சி மையம் தொடங்கினார். பின்னர் அது பல நகரங்களுக்கும் பல நாடுகளுக்கும் பரவியது.

1962இல் சபையாரிடம் அவர் ஒரு திட்டம் வைத்தார். ஆளுக்கு மாதம் பத்து டாலர், முப்பத்தாறு மாதம். முதல் பதினாறு மாதப் பணம் கல்வி, சமூகப் பணிகளுக்கான அறநிதிக்கு. அடுத்த இருபது மாதப் பணம் முதலீட்டுக்கு. அதில் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பணத்தில் குடியிருப்புகள் எழுந்தன. 1968இல் வடக்கு பிராடு தெருவில் 'பிராகிரஸ் பிளாசா' என்ற வணிக வளாகம் திறந்தது. கறுப்பினத்தவர் தாங்களே எழுப்பி, தாங்களே உடைமையாக வைத்திருந்த வளாகம் அது. 1787இன் ஒரு ஷில்லிங்குக்கும் 1962இன் பத்து டாலருக்கும் இடையே நேர்கோடு ஒன்று ஓடுகிறது. இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை.

1971இல் சல்லிவன் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1977இல் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு அவர் வகுத்த நெறிகள் உலகெங்கும் பேசப்பட்டன. பத்து ஆண்டுகள் காத்திருந்தும் இனவொதுக்கல் ஒழியாததைக் கண்டு, இனி நிறுவனங்கள் அந்நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அவரே 1987இல் அறிவித்தார். தன் வழி போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையும் தலைமையின் இலக்கணமே.

7. பூட்டிய மேடைகள்

இதுவரை புகழ்ந்தேன். புகழ்ச்சியோடு நிறுத்தினால் இந்த மக்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன்.

ஜெரினா லீ என்ற பெண் தனக்குப் பிரசங்க அழைப்பு உண்டு என்று ரிச்சர்டு ஆலனிடம் சொன்னார். நம் திருச்சபை ஒழுங்கில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஆலன் அனுப்பிவிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் ஆராதனையில், பிரசங்கியார் பேச்சு தடைப்பட்டு நின்றபோது, லீ தன் இடத்திலிருந்தே எழுந்து பேசத் தொடங்கினார். தன்னை வெளியேற்றுவார்கள் என்று அஞ்சினார். ஆலன் எழுந்தார், இவருக்கு அழைப்பு உண்டு என்று சபைமுன் சொன்னார். 1827ஆம் ஆண்டில் மட்டும் லீ 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் நிகழ்த்தியதாகத் தன் வரலாற்றில் எழுதுகிறார். ஆயினும் அவர் குருப்பட்டம் பெறவில்லை. அந்தத் திருச்சபையில் ஒரு பெண் பேராயர் ஆனது 2000ஆம் ஆண்டில்.

1900இல் 21 வயது நேனி ஹெலன் பரோஸ், தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில், சகோதரிகள் உதவவிடாமல் எவ்வாறு தடுக்கப்படுகிறார்கள் என்று எழுந்து பேசினார். அதன் விளைவாக மாதர் மாநாடு பிறந்தது. கறுப்பினப் பெண்களின் சிறு நன்கொடைகளைத் திரட்டி 1909இல் வாஷிங்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். கிங் தலைமை வகித்த தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் அலுவலகத்தைக் கட்டி எழுப்பிய எலா பேக்கர் என்ற பெண், போதகர்கள் தன்னைச் சமமாக நடத்தவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். ஒரு தலைவரைச் சுற்றிச் சுழலும் இயக்கம் மக்களை வளர்க்காது என்பது அவருடைய உறுதியான கருத்து. 1960இல் அவர் மாணவர்களைக் கூட்டி அவர்களுடைய அமைப்பை அவர்களே நடத்த வழிசெய்தார். அந்த மாணவர்கள் 1962இல் மிசிசிப்பியின் ரூல்வில்லில் ஒரு சிற்றாலயத்தில் நடத்திய கூட்டத்தில்தான், தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதையே பேனி லூ ஹேமர் 44ஆம் வயதில் முதன்முதலாக அறிந்தார். பதிவுசெய்யப் போனதற்காகப் பதினெட்டு ஆண்டு வேலைபார்த்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். இரண்டே ஆண்டில் அவருடைய குரலை நாடே தொலைக்காட்சியில் கேட்டது.

எல்லா ஆலயங்களும் கதவைத் திறக்கவில்லை என்பதும் உண்மை. குண்டுக்கு அஞ்சியவை உண்டு. ஆன்மாவைப் பார்ப்பதே எங்கள் வேலை என்று ஒதுங்கியவையும் உண்டு. நாட்டின் மிகப்பெரிய கறுப்பின பாப்டிஸ்ட் அமைப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்த ஜோசப் ஜாக்சன், சட்ட மறுப்பை எதிர்த்தார். 1961இல் அந்த அமைப்பு உடைந்து, கிங்கின் பக்கம் நின்றவர்கள் தனி மாநாடு கண்டார்கள். வேறு சிலருக்குக் கிறிஸ்தவமே எஜமானின் மதமாகத் தெரிந்தது. கொழும்பு வழக்கறிஞரின் கேள்வியை அமெரிக்காவுக்குள்ளேயே கேட்டவர் மால்கம் எக்ஸ். பாப்டிஸ்ட் போதகரின் மகனான அவர், சிறையில் இஸ்லாம் தேசம் என்ற அமைப்பின் வழியைத் தழுவினார். பின்னர் அதைவிட்டு விலகி, 1964இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் போனார். அவர் வழி வேறு. ஆனால் அந்த வழியிலும் பள்ளிகள், கடைகள், உணவகங்கள், தங்கள் கையாலேயே நடத்தப்பட்ட வழிபாட்டு இடங்கள். நம்பிக்கை மாறியபோதும் சாவியின் தேவை மாறவில்லை.

8. முடிவாக

கொழும்பு வழக்கறிஞருக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளில் ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு மதம் யாருடையது என்பதை அதைக் கொண்டுவந்தவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைக் கையில் எடுத்து, வேண்டாத பக்கத்தை மூடி, வேண்டிய பக்கத்தை உயிராகப் பற்றி, தன் காசில் சுவர் எழுப்பி, தன் கையால் பூட்டித் திறப்பவரும் தீர்மானிக்கிறார். கறுப்பின மக்களைச் சமயம் தானாக உயர்த்தவில்லை. சமயத்தைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்ட மக்கள், அதற்குள் நின்று தங்களை உயர்த்திக்கொண்டார்கள். மேடையின் சாவியைப் பெண்களுக்கு மறுத்த இடங்களில் அந்த உயர்வு பாதியில் நின்றது. இது என் முடிவு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மக்கள் இயக்கத்தை ஆய்வுக்கு எடுத்தாலும் மேடையில் நின்றவரோடு நிறுத்திவிடாதீர்கள். கூடம் யாருடையது, கணக்கை எழுதியவர் யார், அடுப்பில் நின்றவர் யார், காணிக்கை எவருடைய வியர்வை என்று தேடுங்கள். தலைமையின் வேர் அங்கே இருக்கும்.

சார்ல்ஸ்டனில் 1822இல் இடிக்கப்பட்ட ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். 1834இல் கறுப்பினத்தவரின் தனி ஆலயங்கள் அங்கே தடை செய்யப்பட்டன. சபையார் மறைவில் கூடினார்கள். போர் முடிந்த 1865இல் ஆலயத்தைத் திரும்பக் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் தூக்கிலிடப்பட்ட வெசியின் மகன் ராபர்ட். பெயர் இம்மானுவேல். 2015 ஜூன் 17, புதன்கிழமை மாலை, அங்கே வேதபாடத்துக்குக் கூடியவர்கள் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைய இளைஞனை வரவேற்றுத் தங்களோடு உட்கார வைத்தார்கள். அவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். அவர்களில் ஒருவர் சபையின் போதகர் கிளமென்டா பிங்க்னி. அவர் மாநில செனட்டின் உறுப்பினரும்கூட.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 21 அன்று காலை, அந்த ஆலயத்தின் கதவு ஆராதனைக்குத் திறந்தது.